பெட்ரோல் இல்லாத பந்தய வாசனை: ஆண்களுக்கான பெர்ஃப்யூமில் ஆமணக்குக்கு என்ன வேலை?

செகந்திராபாத்: மோட்டார் சைக்கிள் பந்தயத்தை முன்னிறுத்தி விற்கப்படும் ஆண்களுக்கான வாசனைத் திரவியங்களின் பெட்டிகளில் வேகம், தோல் ஜாக்கெட், எரிபொருள், புகை ஆகிய சொற்களும் படங்களும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால், பாட்டிலுக்குள் ஒரு சொட்டு பெட்ரோலும் இல்லை; பந்தயத் திடலில் தேய்ந்த டயரின் துகளும் இல்லை. அந்த வாசனைகள் அனைத்தும் வேதியியல் கூடத்தில் வேறு பொருள்களைக் கொண்டு உருவாக்கப்படுபவை. அவற்றில் சிலவற்றின் மூலத்தைத் தேடிச் சென்றால், தெலங்கானாவின் மானாவாரி நிலங்களில் விளையும் ஆமணக்கில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பந்தய மைதானத்தின் அடையாளமாக ஒரு காலத்தில் விளங்கிய வாசனையும் ஆமணக்கு எண்ணெயின் வாசனையே. அந்த எண்ணெய் குறித்தும் அதன் விதை குறித்தும் ஆய்வு செய்யும் இரண்டு தேசிய நிறுவனங்கள் ஹைதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களில் இயங்கி வருகின்றன. பந்தயத்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் ஆமணக்குக்கும் இடையிலான தொடர்பு என்ன, வாங்குவோர் கவனிக்க வேண்டியவை எவை என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

பந்தயத்துக்கெனத் தனி வாசனை இருந்ததா?

இருந்தது. 1899ஆம் ஆண்டு சார்லஸ் வேக்ஃபீல்ட் என்பவர் லண்டனில் உயவு எண்ணெய் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மோட்டார் வாகனங்களும் விமானங்களும் பரவத் தொடங்கிய காலம் அது. அவற்றின் இன்ஜின்களுக்கு ஏற்ற எண்ணெயைத் தேடிய அந்நிறுவனம், கலவையில் ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்தது. ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'காஸ்டர்' என்ற பெயரிலிருந்தே 1909ஆம் ஆண்டில் 'காஸ்ட்ரால்' என்னும் வணிகப் பெயர் பிறந்தது. பந்தய வாகனங்களுக்கென அந்நிறுவனம் விற்ற 'காஸ்ட்ரால் ஆர்' ஆமணக்கு எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. முதலாம் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றின் சுழல் இன்ஜின்களிலும் ஆமணக்கு எண்ணெயே ஊற்றப்பட்டது.

தமிழ் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று அழைக்கப்படுவதும், குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கப்பட்டு வந்ததும் இதே எண்ணெய்தான். அது பந்தய இன்ஜினுக்குள் சென்றதற்கு அதன் வேதியியல் அமைப்பே காரணம். ஆமணக்கு எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் சுமார் 85 முதல் 90 விழுக்காடு வரை ரிசினோலியிக் அமிலமாகும். மற்ற தாவர எண்ணெய்களில் பொதுவாகக் காணப்படாத ஹைட்ராக்சில் தொகுதி ஒன்று அதன் சங்கிலியின் நடுவே அமைந்திருக்கிறது. அதனால் எண்ணெய் அடர்த்தியாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதுடன், கடும் வெப்பத்திலும் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டி நிற்கிறது.

மெத்தனாலை எரிபொருளாகக் கொண்ட பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு மற்றொரு வசதியும் கிடைத்தது. கனிம எண்ணெய் மெத்தனாலில் கரையாது. ஆமணக்கு எண்ணெய் கரையும். எரிபொருளோடு எண்ணெயையும் கலந்து எரிக்க வேண்டிய இன்ஜின்களில் இப்பண்பு பெரிதும் உதவியது.

இதற்கு விலையும் உண்டு. இன்ஜினுக்குள் நெடுநேரம் தங்கும் ஆமணக்கு எண்ணெய் பிசினாக மாறிப் படிந்துவிடும். பந்தயம் முடிந்ததும் எண்ணெயை வடித்து, இன்ஜினைச் சுத்தம் செய்யாவிட்டால் பாகங்கள் ஒட்டிக்கொள்ளும். எனவேதான் அன்றாட வாகனங்களுக்கு அது பொருந்தவில்லை. காலப்போக்கில் செயற்கை எண்ணெய்கள் பந்தயத் திடலிலும் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால், எரிந்த ஆமணக்கு எண்ணெயின் இனிப்பும் காரமும் கலந்த புகை வாசனையைப் பழைய ரசிகர்கள் மறக்கவில்லை. மேலை நாடுகளில் நடைபெறும் பழைய வாகனக் கண்காட்சிகளில் அந்த வாசனைக்காகவே ஆமணக்கு எண்ணெய் பயன்படுத்துவோர் இன்றும் உள்ளனர்.

இந்தியச் சாலைகளின் வாசனை

இந்திய ரசிகர்களின் நினைவில் பதிந்திருப்பது பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் நீலப் புகை. பெட்ரோலுடன் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் இவ்வகை இன்ஜின்கள் கொண்ட ராஜ்தூத், யெஸ்டி, 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய வாகனங்கள் சாலையிலும் பந்தயத்திலும் ஓடின. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களும், 1990ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்ட பந்தயத் திடலும் தென்னிந்திய இளைஞர்களுக்கு அந்தப் புகையை அறிமுகம் செய்தன.

உலகப் பந்தயங்களிலும் நிலைமை மாறியது. 2002ஆம் ஆண்டு மோட்டோஜிபி என்ற பெயரில் 990 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் முதன்மைப் பிரிவுக்குள் வந்தன. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் கடைசியாக ஓடிய 125 சிசி பிரிவும் 2011ஆம் ஆண்டுடன் முடிவுக்கு வந்தது. திடலில் அந்த வாசனை குறையத் தொடங்கிய அதே காலகட்டத்தில், அதன் நினைவை விற்கும் வணிகம் வளர்ந்தது.

வாகன நிறுவனங்களின் பெயரில் வாசனை

வாகன நிறுவனத்தின் பெயரில் பெர்ஃப்யூம் வருவது புதிதன்று. ஜாகுவார் பெயரிலான ஆண்கள் வாசனை 1988ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. ஃபெராரி, பென்ட்லி, மெர்சிடிஸ்-பென்ஸ் ஆகிய கார் நிறுவனங்களும், இத்தாலியின் பந்தய மோட்டார் சைக்கிள் நிறுவனமான டுகாட்டியும் அந்த வரிசையில் சேர்ந்தன.

இவற்றை வாகன ஆலைகள் தயாரிப்பதில்லை. பெயரையும் முத்திரையையும் பயன்படுத்தும் உரிமம் ஓர் அழகுசாதன நிறுவனத்துக்கு வழங்கப்படுகிறது. அந்நிறுவனம் தான் விரும்பும் வாசனை எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பை எழுதி, கிவாடன், டிஎஸ்எம்-ஃபிர்மெனிச், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் போன்ற வாசனைக் கலவை நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அங்குள்ள வல்லுநர்கள் மாதிரிகளை உருவாக்குகின்றனர். தேர்வாகும் கலவை ஆல்கஹாலில் கரைக்கப்பட்டு, பெட்ரோல் டேங்க், ஹெல்மெட் அல்லது சக்கரத்தை நினைவூட்டும் பாட்டிலில் அடைக்கப்படுகிறது. வாங்குபவர் கொடுக்கும் விலையில் வாசனைக் கலவைக்குச் செல்வது சிறு பங்குதான். பாட்டில், விளம்பரம், உரிமத் தொகை, கடைக்காரரின் லாபம் ஆகியவையே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

பெயர் மட்டுமே போதாது என்பதற்கு ஹார்லி-டேவிட்சன் உதாரணமாகக் காட்டப்படுகிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற அந்த மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பெயரில் 1990களில் பெர்ஃப்யூமும் ஆஃப்டர் ஷேவ் லோஷனும் வெளிவந்தன. அதன் முத்திரையை உடலில் பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்குப் பற்றுக் கொண்ட ரசிகர்களே அவற்றை ஏற்கவில்லை. தங்கள் வாகனத்தின் முரட்டுத் தோற்றத்துக்கும் குளியலறை அலமாரிக்கும் பொருத்தமில்லை என்று அவர்கள் கருதினர். வணிக முத்திரையை எந்த எல்லை வரை நீட்டலாம் என்பதற்கான பாடமாக இந்நிகழ்வு மேலாண்மை நூல்களில் இன்றும் இடம்பெறுகிறது.

பெட்ரோல் இல்லாமல் பெட்ரோல் வாசனை எப்படி?

பந்தய வாசனை என்பது ஒரே பொருளின் வாசனையன்று. தோல் உடை, எரிபொருள், சூடான ரப்பர், புகை, உலோகம் என அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஈடான பொருளை வல்லுநர்கள் தேடுகின்றனர்.

தோல்: பதனிட்ட தோலிலிருந்து பிழிந்தெடுக்கும் வாசனை எண்ணெய் எதுவும் கிடையாது. பூர்ச்ச மரப் பட்டையைக் காற்றில்லாமல் சூடாக்கி எடுக்கும் தாரே பல ஆண்டுகளாகத் தோல் வாசனைக்கு ஆதாரமாக இருந்து வருகிறது. ரஷ்யாவில் தோலைப் பதனிட அத்தாரைப் பயன்படுத்தியதால் இரண்டும் மக்கள் மனத்தில் இணைந்துவிட்டன. ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள் இவ்வாசனைக்குக் கூர்மை சேர்க்கிறது. வியன்னா நகரின் தையல் நிறுவனமான கினீஸேயின் பெயரில் 1924ஆம் ஆண்டு வெளிவந்த 'கினீஸே டென்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று.

எரிபொருள்: டியோர் நிறுவனம் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஃபாரன்ஹைட்' என்ற ஆண்கள் பெர்ஃப்யூம், பெட்ரோல் பங்கை நினைவூட்டுவதாகப் பலரும் சொல்வதுண்டு. அந்தத் தோற்றத்தைத் தருவது வயலட் செடியின் இலை வாசனையும் தோல் வாசனையும் சேர்ந்த கலவையாகும். பச்சை வாடையும் உலோக வாடையும் கலந்த வயலட் இலையின் மணத்தை மூக்கு எரிபொருளாகப் பொருள்கொள்கிறது.

ரப்பர்: மிகக் குறைந்த அளவில் சேர்க்கப்படும் பாரா-கிரெசால் போன்ற பொருள்கள் டயரை நினைவூட்டுகின்றன. அளவு சற்றுக் கூடினாலும் அது தொழுவ வாடையாக மாறிவிடும்.

இம்முறையை வெளிப்படையாகக் காட்டிய நிகழ்வு 2021ஆம் ஆண்டு பிரிட்டனின் குட்வுட் வேகத் திருவிழாவில் நடந்தது. மின்சாரக் காருக்கு மாறும் ஓட்டுநர்களில் ஐந்தில் ஒருவர், தாம் அதிகம் இழக்கப்போவது பெட்ரோல் வாசனையையே எனக் கூறியதாக ஃபோர்டு நிறுவனம் தனது கருத்துக்கணிப்பை மேற்கோள் காட்டியது. அவர்களுக்காக 'மாக்-ஓ' என்ற பெர்ஃப்யூமையும் அறிமுகம் செய்தது. காரின் உட்புறத்தை நினைவூட்டும் பாதாம் மணமுடைய பென்சால்டிஹைடு, டயருக்குப் பாரா-கிரெசால், அவற்றுடன் இஞ்சி வகை, லாவெண்டர், ஜெரேனியம், சந்தனம் ஆகியவை அதில் சேர்ந்திருந்தன. மின்சாரக் காரின் விளம்பரமாகவே அது உருவாக்கப்பட்டது, விற்பனைக்கு வரவில்லை.

இன்ஜினிலிருந்து வெளியேறிய ஆமணக்கு பாட்டிலுக்குள் வந்த கதை

இன்ஜினில் இடம் இழந்த ஆமணக்கு எண்ணெய், வாசனைத் தொழிலில் உறுதியான இடத்தைப் பெற்றிருக்கிறது. அதன் வேதியியல் எளிமையானது.

ஆமணக்கு எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து, கிடைக்கும் பொருளை 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கினால், 18 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலச் சங்கிலி இரண்டாக முறிகிறது. எண்ணெயை அடர்த்தியாக்கிய அதே ஹைட்ராக்சில் தொகுதிதான் சங்கிலி எந்த இடத்தில் முறிய வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. 7 கார்பன் கொண்ட துண்டு ஹெப்டனால் எனப்படும். 11 கார்பன் கொண்ட துண்டிலிருந்து அன்டிசிலினிக் அமிலம் கிடைக்கிறது.

ஹெப்டனாலைப் பென்சால்டிஹைடுடன் இணைத்தால் மல்லிகையை நினைவூட்டும் அமைல் சின்னமால் உருவாகிறது. சோப்பு முதல் உயர்ரக பெர்ஃப்யூம் வரை இப்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. அதே ஹெப்டனாலிலிருந்து பல படிகளில் தயாரிக்கப்படும் மெத்தில் ஹெப்டைன் கார்பனேட், வயலட் இலையின் பச்சை மணத்தைத் தருவது. எரிபொருளை நினைவூட்டும் கலவைகளுக்கு அடித்தளமான மணமும் இதுவே. 11 கார்பன் துண்டிலிருந்து, பீச் பழ மணம் கொண்ட காமா-அன்டிகாலாக்டோன் முதலிய பொருள்களைத் தயாரிக்க முடியும்.

அதே 11 கார்பன் துண்டு வாகனத்துக்கும் திரும்பிச் செல்கிறது. பிரான்ஸின் மார்சேய் நகரில் அர்கெமா நிறுவனம் அதைப் பாலிஅமைடு 11 என்ற உறுதியான பிளாஸ்டிக்கின் மூலப்பொருளாக மாற்றுகிறது. வாகனங்களின் எரிபொருள் குழாய்கள் செய்ய இந்தப் பிளாஸ்டிக் பயன்படுகிறது. ஒரே விதையின் எண்ணெய் முறிந்து, ஒரு பாதி எரிபொருள் குழாயாகவும் மறுபாதி எரிபொருளை நினைவூட்டும் வாசனையாகவும் மாறுகிறது.

ஆல்கஹால் சேர்க்காத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஸ்ப்ரேக்களிலும் ஆமணக்கு உண்டு. தண்ணீரில் வாசனை எண்ணெய் கரையாது. இரண்டையும் கலந்து தெளிவாக வைத்திருக்க, 'பிஇஜி-40 ஹைட்ரஜனேற்றப்பட்ட ஆமணக்கு எண்ணெய்' என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. பல டியோடரன்ட்களின் லேபிளில் இப்பெயரைக் காணலாம்.

ஹைதராபாத் ஆய்வகங்களும் தெலங்கானா நிலங்களும்

தெலுங்கில் ஆமுதம் எனப்படும் ஆமணக்கு, தெலங்கானாவின் செம்மண் நிலங்களுக்குப் பழக்கமான பயிர். பழைய மகபூப்நகர், நல்கொண்டா மாவட்டங்களில் மழையை மட்டும் நம்பி விவசாயிகள் அதைப் பயிரிட்டு வந்துள்ளனர். வறட்சியைத் தாங்குவதும் ஆடு மாடுகள் மேயாததும் அதன் சிறப்புகள்.

ஹைதராபாத்தின் ராஜேந்திரநகரில் 1977ஆம் ஆண்டு எண்ணெய்வித்து ஆராய்ச்சி இயக்ககமாகத் தொடங்கப்பட்டு, தற்போது இந்திய எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் அமைப்பு, ஆமணக்கு ரகங்களையும் நோய்த் தடுப்பையும் ஆய்வு செய்கிறது. செகந்திராபாத்தை ஒட்டிய தார்நாகாவில் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. ஹைதராபாத் சமஸ்தானத்தின் மத்திய ஆய்வகமாக 1944ஆம் ஆண்டு தோன்றி, 1956ஆம் ஆண்டு அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் வந்து, 1989ஆம் ஆண்டு இப்பெயரைப் பெற்ற இந்நிறுவனத்தில், எண்ணெய்கள், கொழுப்புகள் பற்றிய ஆய்வுக்குத் தனிப் பிரிவு இயங்குகிறது.

ஆய்வு நிறுவனங்கள் இருந்தும் ஆமணக்கின் பரப்பு தெலங்கானாவில் சுருங்கிவிட்டது. பூக்குலைகளை அழுகச் செய்யும் சாம்பல் பூஞ்சண நோய் மழைக்காலங்களில் பெரும் இழப்பை ஏற்படுத்துகிறது. பருத்தி கூடுதல் வருவாய் தரும் என்ற எதிர்பார்ப்பில் பலர் அப்பயிருக்கு மாறினர். உலக ஆமணக்கு விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையதுதான் என்றாலும், நாட்டுக்குள் முதலிடம் குஜராத்துக்கு உரியது.

பணத்தின் பாதையையும் இங்கே கவனிக்க வேண்டியுள்ளது. இந்தியாவிலிருந்து வெளியேறுவதில் பெரும்பகுதி எண்ணெயாகவே செல்கிறது. வழிப்பொருள்களைத் தயாரிக்கும் ஆலைகள் இந்தியாவிலும் உள்ளன; ஆனாலும் எண்ணெயை முறித்து உயர்மதிப்புப் பொருளாக்கும் வேலையின் கணிசமான பகுதி ஐரோப்பாவிலும் சீனாவிலும் நடைபெறுகிறது. விதையாகப் புறப்பட்ட பொருள், பெயரும் பாட்டிலும் சேர்ந்து, கிலோ கணக்கு மில்லி கணக்காக மாறி, பன்மடங்கு விலையுடன் இந்தியக் கடைகளுக்குத் திரும்புகிறது. பயிரிட்ட விவசாயிக்கு விதையின் சந்தை விலை மட்டுமே கிடைக்கிறது. ரகம், நோய்த் தடுப்பு ஆகியவற்றோடு, எண்ணெயை உள்நாட்டிலேயே வழிப்பொருளாக மாற்றுவதும் முக்கியமாகப் பேசப்படுவதற்கு இதுவே காரணம்.

சார்மினார் அத்தர் கடைகளில் புகை வாசனை

தோலும் புகையும் கலந்த வாசனை மேலை நாட்டுக் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சார்மினாரைச் சுற்றியுள்ள அத்தர் கடைகள் அதற்கு மாறான சான்றாக நிற்கின்றன. ஆல்கஹால் இல்லாத, எண்ணெய் வடிவிலான அத்தரைக் கண்ணாடிக் குப்பியிலிருந்து புறங்கையில் தொட்டு வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இங்கு இன்றும் தொடர்கிறது. ரம்ஜான் மாதத்தில் இக்கடைகளில் கூட்டம் நிரம்பி வழியும்.

இந்திய அத்தர் தொழிலின் மையமான உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில், செப்புக் கலத்தில் பூக்களை வேகவைத்து ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கும் பழைய முறை வழக்கில் உள்ளது. அங்கேயே கடல்வாழ் சங்கினங்களின் ஓடுகளையும் சாம்பிராணி வகைகளையும் மண்கலத்தில் வறுத்து, புகை மணம் கொண்ட எண்ணெய் வடிக்கப்படுகிறது. பூர்ச்ச மரத் தார் ஐரோப்பாவில் செய்யும் வேலையை இந்த எண்ணெய்கள் இந்தியக் கலவைகளில் செய்து வந்துள்ளன. பந்தய பெர்ஃப்யூமின் தோல், புகை வாசனைகளை விரும்புவோர் அதே குடும்பத்தைச் சேர்ந்த மணங்களை அத்தர் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

வாசனை ஏன் நினைவைத் தூண்டுகிறது?

கண், காது ஆகியவற்றின் செய்திகள் மூளையின் தலாமஸ் பகுதியைக் கடந்தே பிற பகுதிகளைச் சென்றடைகின்றன. மூக்கின் செய்தி அவ்வாறு காத்திருப்பதில்லை. உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் ஆகிய பகுதிகளுடன் அதற்கு நெருங்கிய நரம்பு இணைப்பு உண்டு. தந்தையின் பைக்கில் முன்னால் அமர்ந்து சென்ற சிறுவனுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இன்ஜின் வாடை அந்தப் பயணத்தை நினைவூட்டுவதற்கு இதுவே அடிப்படை. வாசனைத் தொழில் இந்தத் தொடர்பை நம்பியே இயங்குகிறது.

இந்நினைவின் மூலங்கள் இப்போது மாறி வருகின்றன. 2023 பிப்ரவரி 11ஆம் தேதி, ஹைதராபாத்தையும் செகந்திராபாத்தையும் இணைக்கும் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் 2.83 கிலோமீட்டர் நீளச் சாலைத் திடலில் ஃபார்முலா இ மின்சாரக் கார் பந்தயம் நடைபெற்றது. பிரான்ஸின் ஜான்-எரிக் வெர்ன் வெற்றி பெற்றார். டயரும் பிரேக்கும் சூடான வாடை இருந்தாலும், எரிபொருளின் வாசனையோ சைலன்சர் புகையோ இல்லாத பந்தயம் அது. 2024ஆம் ஆண்டுக்கான போட்டி பின்னர் ரத்து செய்யப்பட்டது.

2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் திடலில் நடந்த இந்தியாவின் முதல் மோட்டோஜிபி போட்டியில் பெட்ரோல் இன்ஜின்கள் முழங்கின; இத்தாலியின் மார்கோ பெஸ்ஸெக்கி வென்றார். ஆயினும் 2024 முதல் மோட்டோஜிபி எரிபொருளில் குறைந்தது 40 விழுக்காடு புதைபடிவம் சாராததாக இருக்க வேண்டும் என்றும், 2027 முதல் அது 100 விழுக்காடாக வேண்டும் என்றும் விதி வகுக்கப்பட்டுள்ளது. மறுபுறம், 2019ஆம் ஆண்டு தொடங்கிய மோட்டோஇ என்னும் மின்சார மோட்டார் சைக்கிள் பந்தயம் போதிய ரசிகர்களை ஈர்க்க முடியாமல் 2025 பருவத்துடன் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒலியும் வாசனையும் பந்தய அனுபவத்தில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்ற கேள்வியை அது எழுப்பியிருக்கிறது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் பெர்ஃப்யூம் அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுகிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளும் அதற்குப் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பொருளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவு கட்டாயம். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, தொகுதி எண், பயன்படுத்துவதற்கான கால வரம்பு, உட்பொருள் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். புகழ்பெற்ற பந்தய நிறுவனத்தின் முத்திரை இருந்து இவ்விவரங்கள் இல்லையென்றால் அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் உட்பொருள் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பது நல்லது. சருமத்தில் தங்கும் பொருளில் குறிப்பிட்ட ஒவ்வாமைப் பொருள்கள் 0.001 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அவற்றின் பெயரை அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதன் முதல் பட்டியலில் இருந்த 26 பெயர்களில், ஆமணக்கின் வழிவந்த அமைல் சின்னமாலும், மெத்தில் 2-ஆக்டினோயேட் என லேபிளில் குறிக்கப்படும் மெத்தில் ஹெப்டைன் கார்பனேட்டும் அடங்கும். பதப்படுத்தாத பூர்ச்ச மரத் தாரைப் பயன்படுத்தக் கூடாது எனச் சர்வதேச வாசனைப் பொருள்கள் சங்கம் தடை விதித்துள்ளது. தூய்மைப்படுத்திய தாருக்கே அனுமதி உண்டு. இயற்கையான மூலத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சருமத்துக்குப் பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதை இவ்விதிகள் உணர்த்துகின்றன.

புதிய பெர்ஃப்யூமை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஒரு நாள் பொறுத்திருந்து பார்க்கலாம். கடையில் காகிதத் துண்டில் முகர்ந்தவுடன் முடிவெடுக்காமல், தோலில் அரை மணி நேரம் கழிந்த பின் வாசனை எப்படி மாறுகிறது எனக் கவனித்தால் ஏமாற்றம் குறையும். தோல், புகை வாசனைகள் மெதுவாகவே ஆவியாகும் என்பதால், முதல் சில நிமிடங்களில் அவற்றின் முழு இயல்பு வெளிப்படாது. பெர்ஃப்யூமில் பெரும்பகுதி எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால் ஆகும். ஹைதராபாத் கோடையில் வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியிலோ, காரின் முன்பகுதியிலோ பாட்டிலை விட்டுச் செல்லக் கூடாது.

பெட்ரோல் வாசனை பிடிக்கும் என்பதற்காக அதை வலிந்து முகர்வது ஆபத்தானது. பெட்ரோலின் இனிய வாடைக்குக் காரணமானவற்றுள் பென்சீனும் ஒன்று. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி இந்தியப் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இந்த ஆபத்தைக் கருதியே விதிக்கப்பட்டது. எரிபொருளை நினைவூட்டும் பெர்ஃப்யூமில் பென்சீனைச் சேர்ப்பதில்லை. அந்த நினைவை வயலட் இலையும் பாரா-கிரெசாலும் ஆமணக்கின் வழிப்பொருள்களும் கொண்டு வருகின்றன.

அடுத்த முறை பந்தயப் படம் அச்சிட்ட பெட்டியைக் கையில் எடுப்பவர்கள், முன்பக்கத்தில் உள்ள மோட்டார் சைக்கிளோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்பக்கத்தின் சிறிய எழுத்துகளையும் படிக்கலாம். அமைல் சின்னமால், மெத்தில் 2-ஆக்டினோயேட், ஹைட்ரஜனேற்றப்பட்ட ஆமணக்கு எண்ணெய் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று அங்கே இருந்தால், அதன் மூலம் ஏதோவோர் இந்திய ஆமணக்கு வயலாக இருக்கவும் கூடும்.